ஹேண்டில்பாரை மாற்றியாயிற்று, சுவிட்சுகளை எங்கே வைப்பது?

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 2016 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 இருக்கிறது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதுகிறேன். கன்னங்குறிச்சியிலிருந்து காலையில் ஏறி, இருட்டிய பிறகு இறங்குவது வழக்கம். கம்பெனி ஹேண்டில்பாரைக் கழற்றிவிட்டுத் தாழ்வான ஃபிளாட் பார் போட்டேன். பழைய பாரில் ஃபாக் லைட், நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் ஹசார்ட், மொபைல் சார்ஜர், கூடுதல் ஹாரன் என்று நான்கு சுவிட்ச் இருந்தன. புதியதில் அவற்றுக்கு இடமே இல்லை. நான்கையும் ஒரு தகட்டில் வரிசையாக வைத்து பேட்டரிப் பெட்டிப் பக்கம் பொருத்திவிடலாம் என்கிறார் மெக்கானிக். பாரில் துளை போட்டு வயரை உள்ளே விட்டால் பார்க்க நன்றாயிருக்கும் என்கிறார் நண்பர். இதற்கிடையில், இடப்பக்கக் கொண்டை ஊசியில் முழுதாகத் திருப்பும்போது ஃபாக் லைட்டின் 10 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு முறை போய்விட்டது. இப்போது 20 ஆம்பியர் போட்டு ஓட்டுகிறேன். எப்படிச் செய்தால் சரியாக வரும்?

பதில்: சுவிட்ச் கதை பிறகு. முதலில் அந்த 20 ஆம்பியர் ஃபியூஸை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். உங்கள் ஃபாக் லைட் இரண்டும் 20 வாட் என்றால் மொத்தம் 40 வாட். வண்டி ஓடும்போது 13 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், ஆக லைட்டுக்குத் தேவை சுமார் 3 ஆம்பியர். 10 ஆம்பியர் ஃபியூஸே அதற்குத் தாராளம். அது போகிறது என்றால் லைட் அதிகம் இழுப்பதால் போகவில்லை, எங்கோ வயர் தோலுரிந்து பாடியில் தொடுகிறது. அந்த இடத்தில் 20 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால், அடுத்த முறை ஃபியூஸ் போகாமல் நிற்கும், மெல்லிய சுவிட்ச் வயர்தான் உருகும். அது உருகும் இடம் பெட்ரோல் டேங்குக்கு நேர் கீழே.

ஏன் இடப்பக்கம் மட்டும்? நாம் சாலையில் இடதுபுறமாகப் போவதால், ஏறினாலும் இறங்கினாலும் இடப்பக்கக் கொண்டை ஊசிதான் உள்வட்டம். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரையுள்ள 20 கொண்டை ஊசிகளில் இடப்பக்கம் திரும்புபவற்றில்தான் ஹேண்டில் கடைசி வரை போகும். கம்பெனி வயரிங் உயரமான பாருக்காக வெட்டப்பட்டது. தாழ்வான பார் போட்டதும் மிஞ்சிய நீளத்தைச் சுருட்டி, ஹெட்லைட் கூட்டின் பின்னாலேயோ ஸ்டியரிங் கழுத்தருகிலோ கேபிள் டை போட்டு இறுக்கிவிடுவார்கள். முழுதாகத் திருப்பும்போது ஃபோர்க்கின் கீழ்த் தாங்கியில் இருக்கும் ஸ்டாப்பர் பிரேமில் முட்டுமே, அந்த இடுக்கில் இந்தச் சுருட்டு மாட்டிக்கொள்ளும். டேங்கைக் கழற்றிவிட்டு மூன்று இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள்: ஸ்டாப்பர் முட்டும் இடம், ஹெட்லைட் கூட்டுக்குள் வயர் நுழையும் ஓட்டை, டேங்கின் முன்விளிம்பு. இம்மூன்றில் ஒன்றில் செம்பு தெரியும்.

இப்போது சுவிட்சுகள். நான்குக்கும் பாரில் இடம் தேடுகிறீர்கள். உங்களுக்கு அங்கே தேவைப்படுவது ஒன்றே ஒன்றுதான்.

சார்ஜருக்கு சுவிட்சே வேண்டாம். சாவி போட்டால் வரும் மின்சாரத்திலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகக் கொடுத்துவிட்டால், சாவியோடு வரும், சாவியோடு போகும். இரவில் பேட்டரியை உறிஞ்சாது.

கூடுதல் ஹாரனுக்குத் தனி பட்டன் வைப்பது ஒரு பழக்கம், அவ்வளவுதான். வளைவில் எதிரே பஸ் மூக்கு நீட்டும் நேரத்தில் கட்டைவிரல் தானாகப் போவது கம்பெனி ஹாரன் பட்டனுக்கே. ஆகவே பழைய ஹாரனுக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு வயரையும் ஒரு ரிலேயின் (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்) 85, 86 என்று எண்ணிட்ட முனைகளில் மாட்டிவிட்டு, ஹாரன்களுக்குத் தனி ஃபியூஸோடு பேட்டரியிலிருந்து அதே ரிலேயின் 30, 87 முனைகள் வழியாக மின்சாரம் கொடுங்கள். பழைய பட்டனே எல்லாவற்றையும் ஒலிக்கவைக்கும். ஒன்று மட்டும்: மாறி மாறிச் சுரம் பாடும் ஹாரன் என்றால் கழற்றிவிடுங்கள். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119-ஆம் விதி அதைத் தடுக்கிறது.

ஹசார்ட் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. மூடுபனி இறங்கியதும் நான்கு இண்டிகேட்டரையும் மின்னவிட்டுக்கொண்டு ஓட்டுவது மலைப்பாதையில் வழக்கமாகிவிட்டது. பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கிறீர்களா ஓடுகிறீர்களா என்று தெரியாது. நீங்கள் வலப்பக்கம் தோட்டப் பாதைக்குள் திரும்பப் போவதையும் காட்ட முடியாது, ஏனென்றால் இரு பக்கமும்தான் ஏற்கெனவே மின்னுகிறதே. ஹசார்ட், பழுதாகி ஓரத்தில் நிற்கும் வண்டிக்கானது. நின்றிருக்கும் வண்டியில் குனிந்து சுவிட்ச் போட நேரமிருக்கும். உங்கள் மெக்கானிக் சொன்ன பேட்டரிப் பெட்டிப் பக்கம் இந்த ஒன்றுக்கு மிகப் பொருத்தம். ஃபாக் லைட்டுக்கு அந்த இடம் ஆகவே ஆகாது. ஏழாவது வளைவில் திடீரென்று பனி மூடும்போது ஒரு கையை எடுத்துத் தொடையருகே துழாவ முடியாது.

மிஞ்சியது ஃபாக் லைட் சுவிட்ச். அதை வைக்கும் இடத்தைவிட, அதன் வழியாக என்ன ஓடுகிறது என்பது முக்கியம். உங்கள் வண்டியில் இப்போது பேட்டரி பாசிட்டிவ் நேராக ஹேண்டிலுக்கு ஏறி, சுவிட்சைக் கடந்து, மறுபடி லைட்டுக்கு இறங்குகிறது என்று எழுதாமலே தெரிகிறது. 3 ஆம்பியரும் அந்தச் சின்ன சுவிட்சின் தொடுமுனைகளில் ஓடுகிறது. மேலும், போகவும் வரவும் 3 மீட்டர் வயர். பாசிட்டிவ் வயர் ஒன்று எந்நேரமும் ஸ்டியரிங் கழுத்தில் மடங்கி நிமிர்ந்துகொண்டிருப்பதால்தான் அது உரசினதும் ஃபியூஸ் போகிறது.

ரிலே போட்டால் லைட்டின் மின்சாரம் கீழேயே நின்றுவிடும் என்பதை எல்லா மெக்கானிக்கும் சொல்வார்கள். ஆனால் ரிலேயையும் பெரும்பாலும் பாசிட்டிவ் பக்கத்திலேயே சுவிட்ச் செய்கிறார்கள். நான் சொல்வது எர்த் பக்கம் சுவிட்ச் செய்யும் முறை. 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு முனை ரிலே ஒன்று வாங்குங்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 7.5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து முனை 30. முனை 87-இலிருந்து இரண்டு லைட்டுக்கும். இந்தப் பாதைக்கு 1.5 சதுர மி.மீ. வயர். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவிலுள்ள வயருக்குக் காவல் யாருமில்லை. முனை 86-க்கு, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் வயர் ஒன்றிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். பிரேக் லைட் சுவிட்சுக்கு வரும் வயர் பெரும்பாலும் அப்படிப்பட்டதுதான், ஆனால் சாவியைப் போட்டும் எடுத்தும் மல்டிமீட்டரில் பார்த்து உறுதிசெய்துகொண்டு எடுங்கள். முனை 85-இலிருந்து ஒரு வயர் மேலே சுவிட்சுக்கு. சுவிட்சின் மறுமுனையிலிருந்து ஒரு வயர் திரும்ப வந்து பேட்டரி நெகட்டிவில் சேரட்டும். மேலே போகும் இரண்டு வயருக்கும் 0.5 சதுர மி.மீ. போதும்.

இதன் பலன் என்ன? ரிலேக்குள் இருக்கும் காயில் 80, 90 ஓம் தடை கொண்டது. அதனால் ஹேண்டில் வரை ஏறும் மின்சாரம் 0.15 ஆம்பியர் அளவுதான். நாளைக்கு அந்த வயர் தேய்ந்து பிரேமில் தொட்டாலும் ஷார்ட் ஆகி ஃபியூஸ் போகாது. சுவிட்ச் போட்டது போல ஃபாக் லைட் எரியும், அவ்வளவுதான். பாசிட்டிவ் பக்க முறையில் அதே பழுது நடுவளைவில் இருட்டைக் கொடுக்கும். இரவில் ஏற்காட்டிலிருந்து இறங்குபவருக்கு இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேட்க வேண்டியதில்லை. தானாக லைட் எரிந்தால் வயர் தேய்ந்துவிட்டது என்று உங்களுக்கும் தெரிந்துவிடும்.

ரிலேயை பேட்டரிப் பெட்டிக்குள் முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மல்லாத்தி வைத்தால் தண்ணீர் உள்ளே நிற்கும்.

எர்த்தை ஹேண்டில்பாரிலேயே ஒரு போல்ட்டில் முடித்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். பாரும் தாங்கியும் பெயின்ட் பூசியவை. பாரிலிருந்து பிரேமுக்கு மின்சாரம் போக ஸ்டியரிங் பேரிங்கையும் கிரீஸையும் தாண்ட வேண்டும். ஒரு நாள் எரியும், மறுநாள் மின்னும். லைட்டின் முழு மின்சாரமும் அப்படி எர்த் தேடினால் கிளட்ச் கேபிள் வழியாகக்கூடப் பாயும், கேபிளின் உள் உறை சூடாகி லீவர் கனக்கும். லைட்டுக்கும் சரி, சுவிட்சுக்கும் சரி, எர்த் வயர் பேட்டரிக்கே வரட்டும்.

சுவிட்சைத் தேர்ந்தெடுக்கும்போது உள்ளே விளக்கு எரியும் வகையை விட்டுவிடுங்கள். அந்த விளக்குக்கு ஒரு பாசிட்டிவ் வயர் மேலே போக வேண்டியிருக்கும். நாம் இவ்வளவு நேரம் தவிர்த்தது அதைத்தான். அமுக்கினால் போட்டு, மறுபடி அமுக்கினால் அணையும் வட்ட பட்டனும் வேண்டாம், அது எந்த நிலையில் இருக்கிறது என்று கையுறை போட்ட விரலுக்குத் தெரியாது. தள்ளிய பக்கம் நிற்கும் சிறு நெம்புகோல் வகை, அடியில் ரப்பர் உறையோடு, பெட்டியில் ஐபி65 அல்லது ஐபி67 (தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான குறி) என்று போட்டது இருந்தால் போதும். பக்கவாட்டில் 6 ஆம்பியர் 250 வோல்ட் என்று அச்சிட்ட வீட்டு உபயோக சுவிட்சைச் சிலர் மாட்டுகிறார்கள். அந்த எண் ஏசி மின்சாரத்துக்கானது, டிசிக்கு அதை அப்படியே நம்ப முடியாது. பனித்தண்ணீரையும் அது தாங்காது.

இடம் பார்க்கும் முன் மற்ற வேலையெல்லாம் முடிந்திருக்க வேண்டும். கிளட்ச் லீவர், பிரேக் லீவர், கம்பெனி சுவிட்ச் கூடு, கண்ணாடி எல்லாம் உங்கள் கைக்கு ஏற்ற கோணத்தில் முறுக்கி நின்ற பிறகு மிஞ்சும் இடமே கூடுதல் சுவிட்சுக்கு. வலப்பக்கத்தை மறந்துவிடுங்கள், ஆக்ஸிலேட்டரும் முன்பிரேக்கும் பிடித்த கை வேறு எதையும் தேடக் கூடாது. இடப்பக்கத்தில் கம்பெனி சுவிட்ச் கூட்டுக்கு உட்புறமாகப் பாரின் நேர்ப்பகுதி கொஞ்சம் மிஞ்சினால் 22 மி.மீ. கிளாம்ப் கொண்ட சுவிட்ச் அங்கேயே உட்காரும். வெர்னியர் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். சில பார்கள் நடுவில் 28.6 மி.மீ. தடித்து, பிடிக்குப் போகும்போதுதான் 22-க்கு மெலியும். மெலியும் சரிவில் கிளாம்ப் நிற்காது.

நேர்ப்பகுதி மிஞ்சாவிட்டால் கண்ணாடித் தண்டுக்கு அடியில் மாட்டும் சிறு தகட்டுத் தாங்கி நல்ல வழி. கண்ணாடியைக் கழற்றி, தகட்டை நுழைத்து, மறுபடி முறுக்கினால் கட்டைவிரலுக்கு எட்டும் உயரத்தில் நிற்கும். இதே வேலையை யமஹா வண்டியில் செய்பவர்கள் கவனிக்க: அதன் வலக் கண்ணாடிக்கு எதிர்மரை. வழக்கம்போலச் சுற்றிக் கழற்றப் பார்த்தால் மரை போய்விடும்.

எந்த இடமானாலும் ஒரு சோதனை உண்டு. வண்டியில் உட்கார்ந்து, கையுறை போட்டு, ஹேண்டிலை இடப்பக்கம் முழுதாகத் திருப்புங்கள். தாழ்வான பாரில் இடக்கை டேங்கை நோக்கி வரும். சுவிட்சுக்கும் டேங்குக்கும் நடுவே கட்டைவிரல் நசுங்காமல் நுழைய வேண்டும். உள்ளங்கை பிடியை விட்டு அசையாமல் சுவிட்சைத் தள்ள முடிய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் இடத்தை மாற்றுங்கள்.

நண்பர் சொன்ன துளைக்கு வருகிறேன். வயர் நுழைய 10 மி.மீ. துளை தேவைப்படும். 22 மி.மீ. குழாயில் அது ஏறக்குறைய பாதி அகலம். வயர் வெளியே வர வேண்டிய இடமோ நடு கிளாம்புக்குப் பக்கம். நீங்கள் பிடியில் கொடுக்கும் அழுத்தம் எல்லாம் வந்து சேருவதும் அங்கேதான். குழியில் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் துளையின் ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியும். அலுமினிய பார் என்றால் இன்னும் சீக்கிரம். உள்ளே வயர் விடுவதற்கென்றே துளையோடு தயாரித்த பார்கள் உண்டு. உங்களுடையது அப்படி இல்லையென்றால் வயர் வெளியிலேயே வரட்டும்.

ஆனால் ஒரு துளையை நீங்கள் போட்டே ஆக வேண்டியிருக்கலாம். கம்பெனி சுவிட்ச் கூட்டைப் பிரித்து உட்பக்கம் பாருங்கள். சின்ன ஆணி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால், பழைய பாரில் அதற்கென்று 4, 5 மி.மீ. துளை இருந்திருக்கும். கூடு சுற்றாமல் பிடிப்பது அந்த ஆணிதான். புதிய பாரில் துளை இல்லாததால் ஆணியை அரம் போட்டுத் தேய்த்துவிட்டு மாட்டுவது பட்டறைகளில் சுலபமான வழி. பிறகு திருகை எவ்வளவு முறுக்கினாலும் கூடு மெல்லச் சுற்றும், ஆக்ஸிலேட்டர் பக்கம் என்றால் கேபிளையும் இழுக்கும். ஆணியைத் தேய்க்காதீர்கள். அதன் நுனியில் கொஞ்சம் பெயின்ட் தொட்டு, கூட்டைச் சரியான கோணத்தில் வைத்து அழுத்தினால் பாரில் புள்ளி விழும். பஞ்ச் அடித்து, முதலில் 3 மி.மீ., பிறகு ஆணியின் அளவு, ஒரு பக்கச் சுவரில் மட்டும். விளிம்பைத் தேய்த்து மழுக்கி, பெயின்ட் வையுங்கள். பிடியருகே இந்தச் சின்னத் துளை பாரைப் பலவீனமாக்காது.

வயரை மேலே கொண்டுபோகும்போது நினைவில் வைக்க வேண்டியது, அது மடங்கக் கூடாது, முறுக வேண்டும். கயிற்றை ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அறும், நீளவாக்கில் லேசாக முறுக்கினால் அறாது. வயரும் அப்படித்தான். ஆகவே ஸ்டியரிங் தண்டை ஒட்டினாற்போல் மேலிருந்து கீழாக இறக்குங்கள். மேலே பாரில் ஒரு கட்டு, கீழே டேங்குக்கு அடியில் பிரேமில் ஒரு கட்டு. நடுவே ஒரு சாண் நீளம் எந்தக் கட்டும் இல்லாமல் சும்மா விடுங்கள். இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, எங்கும் விறைக்கவில்லை, ஸ்டாப்பர் பக்கம் தொங்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் கேபிள் டையை இறுக்குவது. உறைக்கு மெத்தென்ற பிவிசி ஸ்லீவ் போதும். வரிவரியான கெட்டிக் குழாயை இந்த இடத்தில் போட்டால் அதன் வெட்டுமுனையே வயரை அறுக்கும். மிஞ்சிய நீளத்தைக் கழுத்தருகே சுருட்டாமல் டேங்குக்கு அடியில் பின்னுக்கு இழுத்துவிடுங்கள்.

வயர் வாங்கும்போது பல மெல்லிய இழைகள் கொண்ட வாகன வயராகக் கேளுங்கள். ஒற்றைக் கம்பி வீட்டு வயர் சில வாரங்களிலேயே தோலுக்குள் ஒடிந்துவிடும், வெளியே பார்த்தால் முழுதாகத் தெரியும்.

இணைப்புகளில் முறுக்கி டேப் சுற்றுவதோடு நிறுத்தாதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் இன்சுலேஷன் டேப்பின் பசை இளகி வழியும், டேப் வாழைமட்டை போல உரிந்து நிற்கும், ஆடி மழையில் அந்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். கிரிம்ப் கருவியால் லக்கை (வயர் நுனியில் மாட்டும் உலோக முனை) அழுத்தி, கையால் பலமாக இழுத்துப் பார்த்து, உள்ளே பசை தடவிய, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். சோல்டர் வைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஏறி வயர் கம்பி போல விறைத்துவிடும். ஒற்றை சிலிண்டர் அதிர்வில் அது முடியும் இடத்தில் அறுந்துபோகும். ஆகவே ஹேண்டில் பக்கம் சோல்டர் வேண்டாம். வயர் சுவிட்சுக்குள் கீழ்ப்பக்கமாக நுழையட்டும், நுழையும் முன் ஒரு சிறு தொங்கல் இருந்தால் பனித்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கம்பெனி வயரில் எதையும் வெட்டாமல் கப்ளர் வழியாகவே எடுங்கள். பழைய பாரைத் திரும்பப் போட நேர்ந்தால் ஒரு மணி நேர வேலையாக இருக்கும். ஆர்.சி.யில் உள்ள விவரங்களோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு சொல்கிறது. ஹேண்டில்பாரைச் சோதனையில் யாரும் கேள்வி கேட்டால் பழையது வீட்டில் இருப்பது நல்லது.

வேலை தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றியிருப்பீர்கள். மாட்டியதும் சோதனை. என்ஜின் ஐடிலில், லைட் எரிய, ஹேண்டிலை இரு முனைக்கும் மெதுவாகத் திருப்புங்கள். லைட் இமைக்கக் கூடாது, என்ஜின் வேகமும் ஏறக் கூடாது. வேகம் ஏறினால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடுகிறது, அதைச் சரிசெய்யாமல் மலை ஏறாதீர்கள். பிறகு மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை லைட்டின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு மோசம். எல்லாம் எரியும்போது என்ஜினைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் பேட்டரி முனைகளில் 13.5-இலிருந்து 14.5 வோல்ட் வர வேண்டும். 13 கூட ஏறவில்லை என்றால் வண்டி தயாரிப்பதைவிட நீங்கள் அதிகம் செலவழிக்கிறீர்கள், கூடுதல் ஹாரனோடு இன்னொரு ஜோடி லைட் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கடைசியாக, கருவிப் பையில் 7.5, 2 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டிரண்டும், இரு நுனியிலும் 6.3 மி.மீ. தட்டை லக் போட்ட விரல் நீள வயர் ஒன்றும் இருக்கட்டும். வழியில் ரிலே செத்துவிட்டால் அதை அதன் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு, 30-க்கும் 87-க்கும் இந்த வயரால் பாலம் போடுங்கள். 7.5 ஆம்பியர் ஃபியூஸ் அப்போதும் பாதையில் இருப்பதால் பயமில்லை. ஆனால் இப்போது சாவியை எடுத்தாலும் லைட் அணையாது, வீடு சேர்ந்ததும் பாலத்தை உருவ மறக்காதீர்கள்.